கண்ணாடிக்குள் வராதவன்

சோதனைத் திடலின் கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி, சலாம் வைக்க வேண்டிய கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க கழுத்து மேடம்," என்றார், அந்தக் கைக்குள்ளிருந்தே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்கள் வேறொரு ஊர்த் தொழிற்சாலையில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பட்டப்பெயர் மட்டும் அவளுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. லேன் மாறும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்த கையோடு, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகவும் ஒருமுறை பார்த்துவிடுவாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய், அலுவலக வராந்தாவில் நடந்து திரும்பும்போதுகூட அப்படிப் பார்ப்பாள் என்று கேலி பேசுவார்கள். பெயரை வைத்ததே அவளுடைய சொந்த அண்ணன்தான்.

அண்ணனும் அதே கம்பெனி. காரின் வெளித்தோற்றத்தை வடிவமைக்கும் பிரிவுக்குத் தலைவன். களிமண்ணில் காரைச் செதுக்குவதால் எல்லோருக்கும் அவன் 'சிற்பி'. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் அவன் காரை வெளியிலிருந்து பார்ப்பவன், அவள் உள்ளிருந்து பார்ப்பவள். வீட்டுச் சாப்பாட்டு மேஜைவரை வந்துவிட்ட சண்டை அது.

"என்ன நாத்தம் இது? செப்டிக் டேங்க் ஏதாவது உடைஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

காவலாளி கொட்டகையின் பக்கம் மோவாயை மட்டும் ஆட்டினார்.

கொட்டகையில் புது மாடல் கார் நின்றது. வெள்ளி நிறம். காலை வெயிலில் பளபளவென்று மின்னியது. லேன் மாறும் சோதனை மட்டும்தான் அதற்கு மீதி. இரண்டு ஓட்டுநர்கள் அதை ஓட்ட மாட்டோம் என்று போய்விட்டார்கள். ஒருவர் முதுகுவலி என்றாராம். இன்னொருவர் காரணமே சொல்லவில்லையாம். அதனால்தான் அவளை வரவழைத்திருந்தார்கள்.

ஃபோர்மேன் கார் கதவைத் திறந்தார்.

கதவு திறந்ததும் நாற்றம் ஒரு ஆள் மாதிரி இறங்கி வந்தது. முதலில் அழுகிய மீன். அதன் அடியில் இன்னொன்று: ஈரத்துணியைப் பைக்குள் முடிந்து மறந்துபோனால் வருமே, அந்தப் புளித்த வாடை. அதற்கும் அடியில், சொத்தைப் பல்லோடு தூங்கி எழுந்தவன் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டதுபோல் ஒரு இளஞ்சூடு. அவள் கைக்குட்டையை எடுத்தாள்.

"விபத்து நடந்துச்சுல்ல மேடம், உங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஃபோர்மேன்.

"ஏதோ இடிச்சுதுன்னு சொன்னாங்க."

"ஆள் போயிட்டாரு." ஃபோர்மேன் தரையைப் பார்த்துப் பேசினார். "நெடுஞ்சாலையில சோதனை ஓட்டம். நம்ம டிரைவர் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் லேன் மாறியிருக்கான். கண்ணாடியில ஒண்ணுமே இல்லைன்னு இன்னைக்கும் சத்தியம் பண்றான். பக்கத்துலயே பைக். மீன் பெட்டி ஏத்திட்டுப் போற ஆளு. கதவோட சேந்து இழுபட்டுட்டாரு. பெட்டித் தண்ணியெல்லாம் கதவுக்குள்ள இறங்கிருச்சு. எத்தனையோ தடவை கழுவிட்டோம், போக மாட்டேங்குது."

அவள் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லை. மெலிந்து, நுனி கூர்ந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. காற்றைக் கிழிக்கும், சத்தம் வராது என்று அண்ணன் போனில் பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அது முழுக்கத் தட்டைக் கண்ணாடி. தட்டைக் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டும். ஆனால் கொஞ்சம்தான் காட்டும். வளைந்தது நிறையக் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கி, தூரத்தில் இருப்பதுபோல் ஏமாற்றும். அதனால் உள்பக்கம் தட்டையாகவும் வெளி ஓரம் மட்டும் வளைந்தும் இருக்க வேண்டும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரும் வண்டி கண்ணாடியின் ஓரத்தை விட்டு நழுவும் அதே நொடியில் ஓட்டுநரின் கடைக்கண்ணில் பட்டுவிட வேண்டும். கண்ணாடி விட்டதைக் கண் பிடிக்க வேண்டும். இரண்டும் விட்டுவிடுகிற இடத்தை வெளியுலகில் பிளைண்ட் ஸ்பாட் என்பார்கள். திடலில் அதன் பெயர் 'குருடு'.

இந்தக் கண்ணாடியின் குருட்டுக்குள் ஒரு பைக் சாவகாசமாகப் படுத்துத் தூங்கலாம்.

அவள் உள்ளே உட்கார்ந்து இருக்கையைச் சரிசெய்தாள். கண்ணாடியின் மேல் ஒரு மூலையில் பிசுக்கு படிந்திருந்தது. எண்ணெய் வழியும் கன்னத்தை யாரோ அழுத்தி எடுத்ததுபோல். டிஷ்யூவால் துடைத்தாள். தாளில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரே ஒரு மயிர், குட்டையாக, வளைந்து. புருவ மயிர்.

அதைத் தூர எறிந்துவிட்டு விரல்களைக் காற்சட்டையில் தேய்த்தாள். தேய்த்த பிறகும் விரல் பிசுபிசுத்தது.

"நான் முன்னால போறேன் ஃபோர்மேன். நீங்க பைக்ல பக்கத்து லேன்ல பின்னாலயே வாங்க. எப்ப என் கண்ணாடியில வர்றீங்க, எப்ப மறையுறீங்கன்னு சொல்லிட்டே வர்றேன்."

ஃபோர்மேன் தலையாட்டினார். கையில் வாக்கி டாக்கி. முகத்தில் விருப்பமே இல்லை.

திடலின் சாலை நேராக, வெறிச்சென்று கிடந்தது. அவள் கிளம்பினாள். ஜன்னலை ஏற்றியிருந்தாள், ஏசி மீன் வாடையைத்தான் குளிரவைத்துக் கொடுத்தது. கொஞ்ச தூரம் போனதும் பைக் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

வெறும் சாலை.

சத்தம் நெருங்கியது. பின்னால் வருபவன் முதலில் கண்ணாடியில் தெரிந்து, அதன் பிறகுதானே மறைய வேண்டும்? இவர் தெரியவே இல்லை. அதற்குள் எப்படிக் குருட்டுக்குள் போனார்? சத்தம் இப்போது தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடகடவென்று, சளி கட்டிய நெஞ்சு மாதிரி ஓடும் எஞ்சின்.

"ஃபோர்மேன், நீங்க என் கண்ணாடியில வரவே இல்ல," என்றாள் வாக்கி டாக்கியில். "பக்கத்துல வந்துட்டீங்க போல. அப்படியே வாங்க."

கழுத்தைத் திருப்பினாள்.

ஜன்னலை ஒட்டி அவர் வந்துகொண்டிருந்தார். இவ்வளவு நெருங்கி வரச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். தள்ளிப் போகும்படி கையைக் காட்டினாள். ஹெல்மெட் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. முகத்தை மூடும் தகட்டின் உள்பக்கம் முழுக்க ஏதோ அப்பியிருந்தது, ஊறிப்போன ரொட்டியைத் தேய்த்துவிட்டதுபோல். அது மூச்சுக்குத் தகுந்தபடி உப்பி, அமுங்கி, உப்பியது. தகட்டின் அடியிலிருந்து கொழகொழவென்று ஒரு கோடு இறங்கி, காற்றில் நீண்டு, அவள் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டியது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம், மன்னிச்சுக்குங்க. பைக் ஸ்டார்ட்டே ஆகல. நான் இன்னும் இங்கயேதான் நிக்கிறேன்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள்.

கண்ணைத் திறந்தபோது சாலையில் யாரும் இல்லை. ஜன்னலில் அந்தக் கோடு மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. இறங்கி, சுவரோரம் குந்தி, வெறும் வயிற்றோடு ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். ஃபோர்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்குத் தெரியும் என்று புரிந்தது.

"அந்தக் கண்ணாடிக் கூட்டைக் கழட்டுங்க," என்றாள்.

"வேணாம் மேடம்."

"கழட்டுங்க."

ஃபோர்மேன் கண்ணாடியை நெம்பி எடுத்து, பின்னாலிருந்த கூட்டைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி அடைத்திருந்தது. செதிலும் சீழும் கலந்து இறுகிய கட்டி. வெளிச்சம் பட்டதும் அது நெளிந்தது. நெளிந்தவை புழுக்கள். நடுவில், களிம்பில் பதித்த மணி மாதிரி, வெள்ளையாக ஒன்று.

கடைவாய்ப்பல். மீனுக்கு ஏது கடைவாய்ப்பல்?

"புதுக் கண்ணாடிதானே மாட்டினீங்க?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

ஃபோர்மேன் தணிந்த குரலில் சொன்னார். "இந்த டிசைன்ல அப்ப இந்த ஒரு ஜதைதான் இருந்துச்சு மேடம். மேல இருந்து அவசரப்படுத்துனாங்க. கண்ணாடித் துண்டை மட்டும் மாத்திட்டு, கூட்டைத் துடைச்சு மாட்டிட்டோம்."

"யாரு சொன்னா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

பேயைப் பார்த்தபோது வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

அண்ணனின் அறை எப்போதும்போல் வெள்ளை வெளேரென்று இருந்தது. களிமண் கார், அதன் மேல் விளக்கு, எலுமிச்சை மணக்கும் காற்று. அவள் டிஷ்யூவைப் பிரித்துப் பல்லை அவன் மேஜை மேல் வைத்தாள்.

"என்னது இது?"

"நீ துடைச்சு மாட்டச் சொன்ன கண்ணாடிக்குள்ள இருந்துச்சு."

சிற்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பிறகு ஒரு காபிக் கோப்பையை எடுத்துப் பல்லின் மேல் கவிழ்த்தான். கவிழ்த்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவள் கண்ணாரப் பார்த்தாள்.

"அண்ணா, ஒரு மனுஷன் செத்துருக்கான்."

"தெரியும்மா. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா கண்ணாடி மேல பழி போடாதே. அந்த டிரைவர் ஒழுங்கா பாக்கல."

"அவன் பாத்தான். உன் கண்ணாடி காட்டல. வெளி ஓரத்தை வளைச்சு, இன்னும் கொஞ்சம் அகலமாக்கு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"யானைக் காது மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கவிடவா? வண்டியோட முகமே போயிடும்." அவன் சிரிக்க முயன்றான். "மத்தியானம் டைரக்டருங்க வர்றாங்க. நானே ஓட்டிக் காட்டுறேன். பக்கத்துல உக்காரு. கழுத்தைத் திருப்பாம, கண்ணாடியை மட்டும் பாத்து லேன் மாறுறேன். அப்புறம் பேசு."

"அந்த வண்டியில ஏறாதே அண்ணா." தணிந்து கேட்டாள். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று அவனைக் கெஞ்சிய அதே குரல்.

"போடி பைத்தியம்," என்றான், பாசத்தோடுதான்.

அவள் கோப்பையைத் தூக்கிப் பல்லை எடுத்துக்கொண்டாள். அதை இறந்தவரின் வீட்டு ஆட்களிடம் சேர்க்க வேண்டும். அன்று மாலையே சேர்த்தாள், அது தனிக்கதை.

மத்தியான வெயிலில் டைரக்டர்கள் நிழற்கூரையின் கீழ் நின்றார்கள். கண்ணாடிக் கூட்டை ஸ்பிரிட் போட்டுக் கழுவி மறுபடி மாட்டியிருந்தார்கள். அண்ணனைத் தனியாக விட மனம் வராமல் அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

கார் வேகம் பிடித்தது. அண்ணன் முகம் சுளித்தான்.

"என்ன இப்படி நாறுது? கழுவலையா?"

"கழுவினாங்க."

நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது. அது கதவிலிருந்து வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். விட்டு விட்டு வந்தது. வெதுவெதுப்பாக. மூச்சு விடுகிற கணக்கில்.

பைக் சத்தம் அண்ணனுக்கும் கேட்டது. கண்ணாடியைப் பார்த்தான்.

"யாரையும் காணோமே," என்றான்.

"மாறாதே."

"ரோடு காலியா இருக்கு, பாரு."

அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

தொப்பென்று ஒரு சத்தம். நனைந்த மூட்டை கதவில் மோதியதுபோல். அதன் பிறகு இழுபடும் சத்தம். தாரில் எலும்பு உரசும் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

நாற்றத்தில் அண்ணனின் கண்களில் நீர் கொட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, காற்றுக்காக ஜன்னல் பொத்தானைத் தேடினான்.

"திறக்காதே!"

திறந்துவிட்டான்.

ஜன்னல் இறங்கியது. இறங்கிய இடைவெளியில் ஹெல்மெட் நுழைந்தது.

முகத்தகடு உயர்ந்தது.

உள்ளே முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கொதித்து ஆறிய பால் மாதிரி ஆடை படிந்த ஒரு கூழ். நடுவில் ஒரு பிளவு திறந்து திறந்து மூடியது. அது அண்ணனின் தோளில் மோவாயைச் சாய்த்தது, களைத்துப்போன குழந்தை மாதிரி. பிளவிலிருந்து சுடச்சுட ஏதோ வழிந்து அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

அவள் பார்வை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

கண்ணாடியில் வெறும் சாலை. சுத்தமான, வெயிலடிக்கும் சாலை.

கார் எப்படியோ நின்றது. அண்ணன் கதவைத் திறந்து தரையில் விழுந்து வாந்தி எடுத்தான். காலையில் தின்றதெல்லாம் வந்தது. அது தீர்ந்த பிறகு கறுப்பாக மீன் தண்ணீர் வந்தது. அவன் வாழ்நாளில் மீன் தொட்டவனில்லை.

நிழற்கூரையிலிருந்து ஓடிவந்தவர்கள், காலியான சாலையில் கார் திடீரென்று நின்றதைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மறுவாரமே சிற்பி தன் கையால் அந்தக் கண்ணாடியின் அச்சை உடைத்துப் போட்டான். டைரக்டர்கள் குதித்தார்கள், அவன் அசையவில்லை. புதுக் கண்ணாடியை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரைந்தான். அகலமாக, வெளி ஓரம் வளைந்து. சோதனையில் ஃபோர்மேனின் பைக் கண்ணாடியை விட்டு நழுவிய நொடியில் அவள் கடைக்கண்ணில் பளிச்சென்று பட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு பூனைகூட ஒளிய இடமில்லை. அந்த வெள்ளிக் காரை நசுக்கி உருக்கிவிட்டார்கள். திடலை விட்டு நாற்றம் போய்விட்டது, போன இடம் தெரியவில்லை என்று ஃபோர்மேன் சொன்னபோது, பல நாட்களுக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். வீடு முழுக்க ஊதுபத்திப் புகை மண்டியிருந்தது. கொடியில் அண்ணனின் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு நாளைக்கு இவ்வளவு சட்டையா என்று அவள் கேட்க வாயெடுத்தாள்.

"கேக்காதே," என்றாள் அண்ணி மெல்ல. "உள்ள வா."

மேஜையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். ஆனால் சிரித்தான். புதுக் கண்ணாடியைப் பற்றிப் பேசினான், அவள் தட்டில் தானே பரிமாறினான், பழைய கேலியெல்லாம் பேசினான். ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்தது. அவளுக்கு மனசு லேசானது.

அப்போதுதான் பார்த்தாள்.

பேசிக்கொண்டிருந்த அண்ணனின் சட்டை, தோளில் மட்டும், மெல்ல அமுங்கியது. யாரோ மோவாயை வைத்ததுபோல் ஒரு குழி. துணி கொஞ்சம் உயர்ந்தது, தாழ்ந்தது. உயர்ந்தது, தாழ்ந்தது. குழியைச் சுற்றி ஈரம் ஒரு வட்டமாகப் பரவத் தொடங்கியது.

அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தலையை மட்டும் லேசாக ஒதுக்கிக்கொண்டான்.

அண்ணி எழுந்து போய், கொடியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்து வந்தாள்.